கடலில் இல்லாத குளிரில் எஃகை ஏன் உடைத்துப் பார்க்கிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: அமெரிக்காவின் டகோமா நகரில் ஒரு வார்ப்பாலை, அந்நாட்டுக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்துகொடுத்த எஃகு வார்ப்புகளின் சோதனை முடிவுகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி எழுதியதாகப் படித்தீர்கள். அந்தச் சோதனைகளில் ஒன்று மைனஸ் 73 டிகிரி செல்சியஸில் செய்ய வேண்டியது. கடல்நீர் மைனஸ் 2 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். அப்படியிருக்க, கடலில் இல்லவே இல்லாத குளிரில் சோதித்து என்ன ஆகப்போகிறது? கப்பல் எஃகு விரிசல் விட்டு உடையாது என்பதை எப்படித்தான் உறுதி செய்கிறார்கள்? இரண்டு கேள்விபோல் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஆய்வுக்கூடத்தில் விரல் நீளத் துண்டு ஒன்றை உடைத்துக் கிடைக்கும் எண்ணுக்கும், கடலில் போகும் முழுக் கப்பலுக்கும் என்ன உறவு என்பதே அது.

இது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல. அந்த வார்ப்பாலையில் முடிவுகளைத் திருத்தியவரும் ஓர் உலோகவியலாளர்தான். அவ்வளவு குளிரில் சோதிக்கச் சொல்வதே அர்த்தமற்றது என்று தான் நினைத்ததாக அவர் சொன்னது வழக்கில் பதிவாகியிருக்கிறது. 2022ல் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஆக, துறைக்குள் இருப்பவரே தடுமாறிய இடம் இது. நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் கப்பல் தகடுகளையும் அவற்றின் வெல்டிங்கையும் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். நீர்மூழ்கி வார்ப்புகளைத் தொட்டதில்லை. அந்த வழக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது பொதுப் பதிவில் உள்ளவை மட்டுமே. ஆனால் எஃகு உடையும் விதம் எல்லாக் கப்பலுக்கும் ஒன்றுதான், அதைப் பற்றித் தெம்பாகப் பேச முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வலிமை வேறு, முறிவைத் தாங்கும் திறன் வேறு. துணிக்கடையில் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையாலும் எவ்வளவு இழுத்தாலும் கிழியாத துணியை, ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டு ஒரே இழுப்பில் கிழித்துக் கொடுப்பார்கள். துணியின் வலிமை குறையவில்லை; வெட்டின் முனையில் இழுவை முழுக்கக் குவிந்துவிட்டது. கப்பலிலும் அப்படித்தான். வெல்டிங்கில் ஒரு சின்னக் குறை, திறப்பின் மூலையில் கூரான ஒரு வளைவு என ஏதோ ஒரு வெட்டு எங்காவது இருந்தே தீரும். அந்த வெட்டு அங்கேயே நிற்குமா, ஓடத் தொடங்குமா என்பதைத்தான் நாங்கள் சோதிக்கிறோம். ஆய்வுக்கூடங்களில் இதை டஃப்னெஸ் என்றே சொல்வோம். நான் இங்கே முறிவுத் தாங்குதிறன் என்கிறேன்.

இந்தச் சோதனை கப்பல் தொழிலுக்குள் வந்த கதை முக்கியம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. 1943 ஜனவரி 16 இரவு. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகர், ஸ்வான் தீவுக் கப்பல் கட்டும் தளம். ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் துறையில் அமைதியாகக் கட்டிக்கிடக்கிறது. அலை இல்லை, புயல் இல்லை. காற்று மைனஸ் 3 டிகிரி, தண்ணீர் 4 டிகிரி. திடீரென்று ஒரு மைல் தூரம் கேட்கும் சத்தத்துடன் மேல்தளம் பிளந்து, இரு பக்கத் தகடுகளும் பிளந்து, கப்பல் நடுவில் மடிந்துவிட்டது. அடித்தகடு மட்டும் கீல்போலப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மேல்தளத்தில் இருந்த இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு ஏழு கிலோ எடை அளவுதான் எனக் கணக்கிட்டார்கள். அந்த எஃகு தாங்க வேண்டிய சுமையில் அது மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. இழுத்துப் பார்க்கும் சோதனை எதிலும் அந்தத் தகடுகள் தோற்றிருக்காது.

லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்களிலும் இதே போன்ற விரிசல்கள் வந்தன. போர்க்காலத்தில் 2,710 லிபர்ட்டி கப்பல்கள் கட்டப்பட்டன. அதுவரை தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தார்கள். இவற்றை வெல்டிங் செய்தார்கள். பழி முதலில் வெல்டிங் மேலும் வெல்டர்கள் மேலும் விழுந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர், வேர் எஃகில் இருக்கிறது என்று காட்டினார். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் அந்த எஃகு நெளிந்து கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிபோல் உடைந்தது. வெல்டிங்குக்கும் பங்கு உண்டு. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பல் முழுக்க ஒரே தகடு, ஓட வழி தடையில்லாமல் இருக்கும். சரக்கு அறைத் திறப்புகளின் மூலைகளைச் சதுரமாக விட்டதும் சேர்ந்துகொண்டது.

அப்புறம் நடந்த வேலைதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. உடைந்த கப்பல்களிலிருந்து தகடுகளை வெட்டி எடுத்து, விரிசல் தொடங்கிய தகடு, விரிசல் கடந்துபோன தகடு, விரிசல் வந்து நின்ற தகடு என்று பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் கப்பல் உடைந்தபோது இருந்த வெப்பநிலையில் சார்ப்பி சோதனைக்கு, அதாவது வெட்டுப் போட்ட சின்னத் துண்டைச் சுத்தியலால் அடித்து உடைக்கும் சோதனைக்கு, உட்படுத்தினார்கள். விரிசல் தொடங்கிய தகடுகள் எல்லாம் மிகக் குறைந்த ஆற்றலிலேயே உடைந்தன. நின்ற தகடுகள் கூடுதலாக வாங்கிக்கொண்டன. இடையில் 15 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20 ஜூல் என்ற அளவில் ஒரு கோடு போட முடிந்தது. இன்று கப்பல் தகட்டின் சான்றிதழில் பார்க்கும் எண்களுக்குப் பாட்டன் அந்தக் கோடுதான். எந்தச் சூத்திரத்திலிருந்தும் அது பிறக்கவில்லை. உண்மையில் உடைந்த கப்பல்களோடு சின்னத் துண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்த உறவு அது.

சரி, சார்ப்பி சோதனை என்றால் என்ன? 1901ல் பிரான்ஸின் ஜார்ஜ் சார்ப்பி முறைப்படுத்தியது. 10 மில்லிமீட்டர் சதுரக் குறுக்களவும் 55 மில்லிமீட்டர் நீளமும் உள்ள துண்டு. நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் வி வடிவ வெட்டு, அதன் அடியில் கால் மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு வளைவு. துண்டைக் குளிர்ந்த ஆல்கஹாலில் ஊறவைக்கிறோம். குளிரூட்ட உலர்பனியோ திரவ நைட்ரஜனோ போடுவோம். இடுக்கியும் அதே குளிரில் இருக்க வேண்டும். எடுத்த ஐந்து விநாடிக்குள் அதைத் தாங்கியில் வைத்து, பெண்டுலம் சுத்தியலை விட வேண்டும். சுத்தியல் விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் வந்து வெட்டுக்குப் பின்பக்கம் அடிக்கும். உடைத்த பிறகு மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதிலிருந்து துண்டு விழுங்கிய ஆற்றல் தெரியும். மூன்று துண்டுகளின் சராசரி எண் தேறவேண்டும், எந்த ஒரு துண்டும் தேவையான சராசரியில் 70 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது.

பார்க்க எளிமையான சோதனைதான், ஆனால் ஏமாற இடம் நிறைய. எங்கள் கூடத்தில் ஒருமுறை நான்கைந்து நாட்கள் எல்லாத் தகடுகளும் வழக்கத்தைவிட நன்றாகத் தேறின. யாரும் குறை சொல்லவில்லை. நல்ல முடிவை யார் சந்தேகிப்பார்கள்? ஒரு மூத்த டெக்னீஷியன் மட்டும் வெட்டைப் பெரிதாக்கித் திரையில் பார்த்தார். வெட்டுப் போடும் புரோச் தேய்ந்து, அடி வளைவு மழுங்கியிருந்தது. மழுங்கிய வெட்டை உடைக்க அதிக ஆற்றல் வேண்டும், அவ்வளவுதான். அந்த நாட்களின் சோதனைகள் அத்தனையையும் மறுபடி செய்தோம். துண்டைத் தகட்டில் எந்தத் திசையில் வெட்டினார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். உருட்டிய திசையில் நீளவாக்கில் எடுத்தால் எண் கூடும், குறுக்கே எடுத்தால் குறையும்.

உடைந்த முகத்தைப் பார்ப்பதும் எண்ணைப் படிப்பதற்குச் சமமான வேலை. நன்றாக நெளிந்து உடைந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் நார்நாராக இருக்கும், ஓரங்கள் பிதுங்கியிருக்கும். நொறுங்கி உடைந்த முகம் கற்கண்டை உடைத்தாற்போல் தட்டையாக மினுங்கும். எண் தேறியிருந்தும் முகத்தில் பாதி மினுங்கினால் நான் அந்தத் தகட்டை நிம்மதியாக அனுப்பியதில்லை. அந்த எஃகு சரிவின் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். இன்னும் ஐந்தாறு டிகிரி குறைந்தால் விழுந்துவிடும்.

இப்போது உங்கள் மைனஸ் 73க்கு வருகிறேன். கப்பல்களுக்குத் தரச் சான்று தரும் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஐஏசிஎஸ்ஸின் விதிப்படி சாதாரண வலிமைக் கப்பல் எஃகில் பி தரம் 0 டிகிரியிலும், டி தரம் மைனஸ் 20லும், இ தரம் மைனஸ் 40லும் 27 ஜூல் காட்ட வேண்டும். வலிமை கூடிய 355 மெகாபாஸ்கல் எஃகுக்கு 34 ஜூல் (மெகாபாஸ்கல் என்பது வலிமையை அளக்கும் அலகு). இ தரத் தகடு வெப்பமண்டலக் கடலிலேயே ஓடும் கப்பலின் மேல்தள ஓரத்திலும் போடப்படுகிறது. இதைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. கொச்சியில் கட்டி 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் கப்பலுக்காக ஹைதராபாத் உலோகவியல் ஆய்வகம் உருவாக்கிய டிஎம்ஆர் 249ஏ எஃகு, மைனஸ் 60 டிகிரியில் 78 ஜூல் தாங்க வேண்டும். அரபிக் கடல் எந்தக் காலத்திலும் அப்படிக் குளிராது. சோதனை வெப்பநிலை என்பது கப்பல் போகும் இடத்தின் வெப்பநிலை அல்ல என்று முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன்? நொறுங்கி உடைவதைத் தூண்டுவது குளிர் மட்டும் அல்ல. தடிமன், வேகம், வெட்டின் கூர்மை மூன்றும் அதே வேலையைச் செய்யும். ஜவ்வு மிட்டாயை மெல்ல இழுத்தால் நீண்டுகொண்டே வரும். வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். மிட்டாய் அதேதான், வேகம்தான் மாறியது. குளிரில் வைத்து எடுத்தாலும் அப்படித்தான் அறுந்திருக்கும். சார்ப்பி துண்டின் தடிமன் 10 மில்லிமீட்டர்; கப்பலின் தகடோ வார்ப்போ அதைப்போலப் பல மடங்கு இருக்கலாம். தடிமன் கூடினால் உள்ளே இருக்கும் உலோகம் பக்கவாட்டில் சுருங்கி நெளிய இடமில்லாமல் நொறுங்குவது எளிதாகிறது. சார்ப்பி வெட்டின் அடி கால் மில்லிமீட்டர் வளைவு. உண்மையான விரிசலின் முனை அதைவிடப் பல மடங்கு கூர்மை. இந்த இரண்டிலும் சின்னத் துண்டு சலுகை பெறுகிறது. அந்தச் சலுகையை ஈடுகட்டத்தான் வெப்பநிலையைக் கீழே இறக்குகிறார்கள். சுத்தியலின் வேகம் மட்டும் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை வரும் அலையைவிட அது மிக வேகம், ஆகவே வணிகக் கப்பலுக்கு அது கூடுதல் கடுமை. ஆனால் போர்க்கப்பலும் நீர்மூழ்கியும் தண்ணீருக்குள் நடக்கும் வெடிப்பைத் தாங்க வேண்டியவை. அங்கே சுமை வருவதும் நொடிக்கும் குறைவான நேரத்தில்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைத்தான் நான் இளைஞர்களிடம் அதிகம் சொல்வேன். அந்த வார்ப்புகள் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, மறுபடி சூடாக்கி எடுக்கப்படும் எஃகு. தோய்த்தது சரியாக நடந்ததா, தடிமனான நடுப்பகுதி வரை குளிர்ச்சி வேகமாகப் போனதா என்பது அறை வெப்பநிலையில் சோதித்தால் தெரியாமலே போகலாம். நல்லதும் கெட்டதும் அங்கே ஒன்றுபோலத் தேறிவிடும். கீழே இறங்கினால்தான் இரண்டும் பிரிந்து தெரியும். ஆக, மைனஸ் 73 என்பது கடலைப் பற்றிய கேள்வியைவிட உலையைப் பற்றிய கேள்வி. அதில் தோற்ற வார்ப்பு அன்றைக்கே உடைந்துவிடும் என்று அர்த்தமில்லை. அந்த வார்ப்பை எப்படிச் செய்தார்கள் என்பதை நம்ப முடியாமல் போகிறது.

டைட்டானிக் பற்றியும் பலர் இங்கே கேட்பார்கள். மீட்கப்பட்ட உடல்தகட்டைச் சோதித்தபோது, நீளவாக்கில் 32 டிகிரியிலும் குறுக்குவாக்கில் 56 டிகிரியிலும்தான் அது 20 ஜூல் அளவைத் தொட்டது. அன்று தண்ணீர் மைனஸ் 2. கந்தகம் அதிகம், மாங்கனீசு குறைவு. இதுவரை உறுதியானது. ஆனால் கப்பல் மூழ்கியதற்கே அந்தத் தகடுதான் காரணம் என்பது உறுதியல்ல. தகட்டு இணைப்புகளில் ரிவெட்டுகள் விட்டுக்கொடுத்ததுதான் முக்கியம் என்று வாதிடும் ஆய்வுகளுக்கு வலுவான சான்று இருக்கிறது.

சார்ப்பியின் எல்லையையும் சொல்லவேண்டும். அந்த ஜூல் எண்ணை வைத்து, இத்தனை மில்லிமீட்டர் விரிசல் இருக்கலாம், இதற்குமேல் ஆபத்து என்று கணக்குப் போட முடியாது. ஜூலிலிருந்து முறிவுத் தாங்குதிறனுக்கு மாற்றும் சூத்திரங்கள் பல உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட எஃகு வகைக்குத் தோராயமாகப் பொருந்துபவை. வேறு எஃகுக்கு எடுத்துப் போட்டால் பெரிய பிழை வரும். கணக்குப் போடத்தான் முறிவு இயந்திரவியல் வந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஜார்ஜ் இர்வின் 1950களில் அதற்கு உருக்கொடுத்தார். விரிசல் முனையில் இழுவை எவ்வளவு குவிகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லி, எஃகு எந்த எண்ணில் உடைகிறது என்று அளப்பார்கள். கப்பல் எஃகில் அதைத் தூய வடிவில் அளப்பது நடவாத காரியம். 355 மெகாபாஸ்கல் எஃகின் திறன் அதற்குரிய அலகில் 150 என்று வைத்துக்கொண்டால், விதிப்படி துண்டின் தடிமன் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் வேண்டும். அப்படித் தகடே கிடையாது.

அதனால் கப்பலுக்கும் கடல் மேடைகளுக்கும் சிடிஓடி, அதாவது விரிசல் முனைத் திறப்புச் சோதனை. இங்கிலாந்தில் ஆலன் வெல்ஸ் முன்வைத்த யோசனை: விரிசல் ஓடத் தொடங்கும் முன் அதன் முனை எவ்வளவு வாய் திறக்கிறது என்று அளந்துவிடலாம். தகட்டின் முழுத் தடிமனுக்கும் துண்டு எடுக்கிறோம். சாதாரண வெட்டுப் போதாது என்பதால், ஆயிரக்கணக்கான முறை மெல்ல வளைத்து வளைத்து உண்மையான விரிசலையே வளர்க்கிறோம். பிறகு குளிர்த்தொட்டியில் வைத்து, வாயில் ஒரு கிளிப் மாட்டி, மெதுவாக அழுத்தி உடைக்கிறோம். உடைந்த முகத்தில் விரிசலின் நீளத்தை ஒன்பது இடங்களில் அளந்து, முன்விளிம்பு நேராக இல்லாவிட்டால் அந்தத் துண்டு செல்லாது. ஒரு துண்டுக்கு ஒரு நாள் வேலை போய்விடும். வரும் விடை மில்லிமீட்டரின் பின்னம்.

இந்தச் சோதனையில் கடினமான பகுதி வெல்டிங்கின் ஓரம். உருகாமல் சூடு மட்டும் பட்ட அந்தப் பட்டையில் சில இடங்களில் எஃகின் நுண்ணிய படிக மணிகள் பெருத்துத் திறன் சரிந்திருக்கும். அந்த இடம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. விரிசல் முனை அதில் விழுந்தால் ஒரு எண், தள்ளி விழுந்தால் வேறு எண். ஒரு கட்டுமானத் தளத்துக்காகப் பன்னிரண்டு துண்டுகள் உடைத்தோம். பதினொன்று அருமையாக வந்தன, ஒன்று படுமோசம். அவர்கள் தரப்பு மேலாளர், அதைச் சோதனைப் பிழை என்று விட்டுவிடலாமே, பதினொன்று நன்றாக இருக்கிறதே என்று பொறுமையாகத்தான் கேட்டார். உடைந்த பாதியைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் காட்டினோம். அந்த ஒன்றில்தான் விரிசல் முனை சரியாக அந்தப் பட்டையில் உட்கார்ந்திருந்தது, மற்றவற்றில் தவறிப்போயிருந்தது. உண்மையைச் சொன்னது அந்த ஒரு துண்டுதான். வெல்டிங் சூட்டைக் குறைத்துச் செயல்முறையை மறுபடி தயாரித்தார்கள். மூன்று வாரம் தாமதம். டகோமா செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த மேலாளரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவர் கெட்டவர் அல்ல, அவசரத்தில் இருந்தார். அன்று நாங்கள் அந்த ஒரு முடிவின் வரியை அடித்து நீக்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பெரிய கன்டெய்னர் கப்பல்களில் சரக்குத் திறப்பைச் சுற்றி 80, 100 மில்லிமீட்டர் தகடுகள் வந்தபிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்தது. விரிசல் தொடங்காது என்று மட்டும் நம்பியிராமல், தொடங்கி ஓடினாலும் நிறுத்துமா என்று பார்க்கிறார்கள். பெரிய தகட்டை இழுத்துப் பிடித்து, ஒரு முனையை உறையவைத்து மறு முனையைச் சூடாக வைத்து, குளிர்ந்த பக்கத்தில் அடித்து விரிசலை ஓடவிட்டு, எங்கே நிற்கிறது என்று அளக்கும் சோதனை அது. எல்லா ஆய்வுக்கூடத்திலும் செய்யக்கூடியது அல்ல.

இரண்டாக உடையும் கப்பல் எல்லாம் இந்த வகை அல்ல என்பதையும் கவனியுங்கள். 2013ல் இந்தியப் பெருங்கடலில் உடைந்த எம்ஓஎல் கம்ஃபர்ட்டில் அடித்தகடுகள் அழுத்தத்தில் மடங்கியதுதான் தொடக்கம். அங்கே எவ்வளவு நல்ல சார்ப்பி எண்ணும் காப்பாற்றியிருக்காது. மாறாக 1979 மார்ச்சில் கனடாவின் கேபட் நீரிணையருகே உடைந்த குர்திஸ்தான் எண்ணெய்க் கப்பல் அசல் நொறுங்கு முறிவு. உள்ளே சூடான எண்ணெய், வெளியே பனிக்கட்டி மிதக்கும் நீர், கப்பலின் அடிப்பக்க ஓரத்தில் துடுப்புபோல நீளமாக ஓடும் பில்ஜ் கீல் பட்டையில் சரியாக உருகிச் சேராத ஒரு வெல்டிங். மூன்றும் ஒரே இடத்தில் கூடின.

டகோமா வார்ப்புகளால் எந்த நீர்மூழ்கியின் உடலும் உடைந்ததாக அமெரிக்க அரசுத் தரப்பே சொல்லவில்லை. அந்தக் கப்பல்கள் பாதுகாப்பானவை என்று உறுதிசெய்யக் கூடுதல் செலவும் பராமரிப்பும் தேவைப்பட்டது என்றுதான் சொன்னது. 240க்கும் மேற்பட்ட வார்ப்பு ஈடுகளின் எண்கள் பொய் என்று தெரிந்தபின், ஒவ்வொன்றும் எந்தக் கப்பலில் எங்கே இருக்கிறது, அங்கே எவ்வளவு சுமை வருகிறது என்று திரும்பத் தேட வேண்டும். ஒரு துண்டை நேர்மையாக உடைக்க ஆகும் நேரம் அதோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

நீங்கள் மாணவராக இருந்து, கல்லூரியில் சார்ப்பி இயந்திரம் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண மைல்ட் ஸ்டீல் கம்பி ஒன்றிலிருந்தே ஆறு துண்டுகள் வெட்டுங்கள். இரண்டை அறை வெப்பநிலையில், இரண்டை ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டை உலர்பனி போட்ட ஆல்கஹாலில் வைத்து உடையுங்கள். கையுறை கட்டாயம், சன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் தீ கூடாது. எண்களை எழுதிக்கொண்ட பிறகு பன்னிரண்டு பாதிகளையும் வெப்பநிலை வரிசையில் மேசையில் அடுக்கி, உடைந்த முகங்கள் தெரிய வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் சாம்பல் நிறம் போய் மினுக்கம் தொடங்குகிறது என்று குறித்து, அதைப் படம் எடுத்து இங்கே போட்டால் சேர்ந்து பேசலாம்.